விளக்கு வச்ச பெறகு கேட்ட சாவி

அப்படியே நில்லுங்க அண்ணாச்சி, கேட்டைப் பூட்டிட்டு வந்துருதேன். பயப்படாதீங்க, உங்களுக்காகப் பூட்டலை. இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அவங்க ரெண்டு காலும் உள்ள வந்ததும் கேட்டைப் பூட்டணும். பூட்டுன பெறகுதான் வாங்கன்னே சொல்லணும். எங்க அப்பா போட்ட சட்டம். பால்காரருக்கும் அதே சட்டம்தான். ஒரு நாள் அப்பா குளிச்சு முடிச்சு வார வரைக்கும் அவர் பால் கேனோட உள்ளயே நின்னார். அதுல இருந்து பாலைத் தெருவுலயே வச்சுட்டுப் போயிருதார்.

இப்ப வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

காரைப் பாக்க ராஜபாளையத்துல இருந்து ஒருத்தர் வருவார்னு அப்பா காலையிலயே சொல்லிட்டார். இப்பத்தான் பேட்டரி எடுக்க மில்லுக்குப் போயிருக்கார். வந்துருவார். ஆமா, கார் இங்க நிக்கி, பேட்டரி மில்லுல இருக்கு. அதையும் சொல்லுதேன். இன்னைக்கு நீங்க பாத்துக்கிடலாம், ஓட்டிக்கூடப் பாக்கலாம். ஆனா கைமாறுறது நாளைக்குத்தான். அதுக்கும் காரணம் இருக்கு, அதையும் சொல்லுதேன்.

என்ன, சட்டைப் பைக்குள்ள கையை விடுதீங்க? அட்வான்ஸா? அதெல்லாம் எங்கிட்டக் கொடுக்கக் கூடாது. உள்ள வையுங்க.

முதல்ல ஒரு விஷயத்தைச் சொல்லிருதேன். அப்பா போகும்போது எங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனார் தெரியுமா? "ஏட்டி முப்பி, வாரவர் ரெண்டாவது சாவி எங்கன்னு கேப்பார். பேங்க் லாக்கர்ல இருக்குன்னு சொல்லிரு. வேற எதுவும் பேசாத." நானும் தலையை ஆட்டிட்டேன். முப்பிடாதின்னு முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டிருந்தா யோசிச்சிருப்பேன். ஆனா எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணாச்சி. பிளஸ் டூ பிராக்டிகல்ல, வெளியில இருந்து வந்த சார், "இது என்ன உப்பு, எப்படிக் கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டார். "எனக்குத் தெரியாது சார், பக்கத்துல இருக்கவ சொன்னா, எழுதினேன்"னு சொன்னேன். எனக்கும் மார்க் போச்சு, அவளுக்கும் போச்சு. அவ இன்னும் எங்கிட்டப் பேசலை. நான் பள்ளிக்கூடத்தோட போதும்னு வீட்டுல உக்காந்துட்டேன்.

அதனால உள்ளதைச் சொல்லிருதேன். லாக்கர்ல சாவி இல்லை. எங்களுக்கு லாக்கரே இல்லை. இந்தக் காருக்கு எங்ககிட்ட ஒரு சாவிதான் இருக்கு. ரெண்டாவது எங்க இருக்கு, யாரு கையில இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

இதைக் கேட்டுட்டு எந்திரிக்காதீங்க. நீங்க இந்தக் காரை வாங்கணும். கண்டிப்பா வாங்கணும். மறைச்சு வித்தா நாலு நாள்ல திரும்பக் கொண்டு வந்து விட்டுருவீங்க. அப்ப எங்க அம்மா வர மாட்டா. அம்மா தென்காசியில எங்க மாமா வீட்டுல இருக்கா. "அந்தக் கார் வீட்டை விட்டுப் போகட்டும், நான் வாரேன்"னு சொல்லிட்டா. வைகாசியில போனவ, இப்ப ஆனி முடியப் போகுது. ஆடி பிறந்துட்டா எவன் வண்டி வாங்குவான்? இன்னைக்குக் காலையிலயும் உப்புமாதான். நேத்தும் உப்புமா. எனக்கு அதுதான் வரும். அப்பா அதை, அம்மா உக்கார்ற இடத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிடுதார். எனக்கு அதைப் பாக்க எரிச்சலா வருது. வேற ஒண்ணும் இல்லை.

சரி, கதைக்கு வாரேன்.

எங்க மாமாகிட்டக் கார் இருக்கு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் மாமா கார்ல வந்து மண்டபத்து வாசல்ல இறங்குவார். நாங்க பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போவோம். அம்மா வாசல்ல நின்னு சேலைச் சுருக்கத்தைக் கையால நீவிவிட்டுட்டு உள்ள போவா. அவ ஒண்ணும் கேக்கலை. அப்பாவுக்குத்தான் அது உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. மாவு மில்லு நல்லாத்தான் ஓடுது. ஒரு பழைய கார் வாங்கிருவோம்னு தேடி, பங்குனியில இதைப் பிடிச்சார். ஆலங்குளத்துல தங்கப்பழம்னு ஒருத்தர். புருசனும் பொண்டாட்டியுமா மகன்கூட இருக்க ஓசூருக்குப் போறாங்க, அதனால விக்காங்க. நல்ல வண்டி. நீங்களே பாருங்க, எங்கயாவது துரு இருக்கா?

ஆமா, அந்தப் பின்கதவு கொஞ்சம் தூக்கித்தான் சாத்தணும். உங்களுக்கு எப்படித் தெரியும்? பாத்ததுமே சொல்லிட்டீங்களே. கார் தெரிஞ்ச ஆளுதான் நீங்க.

நாங்க மூணு பேரும் கார் எடுக்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில போயிருக்கணும். காலையில ராகுகாலம், மதியம் எமகண்டம்னு அப்பா நாலரை மணிக்கு மேலதான் கிளப்பினார். அங்க போய்க் கையெழுத்து, காபி, முறுக்கு, இன்னொரு கையெழுத்துன்னு நேரம் போயிட்டு. பகலோட பகலா ஒரு சாவியை வெத்தலை பாக்குத் தட்டுல வச்சுக் கொடுத்துட்டாங்க. அப்பா வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டார். வெளிய வந்து, சக்கரத்துல எலுமிச்சம்பழம் வச்சு, ஏத்தி நசுக்கி, எல்லாம் ஆச்சு. கிளம்பப் போகும்போது அம்மாதான் சொன்னா, "இன்னொரு சாவி இருக்கும்லா, கேளுங்க."

அப்பா திரும்ப உள்ள போனார். அந்த வீட்டு அம்மா அதுக்குள்ள விளக்கு ஏத்திட்டாங்க. சாவி பூஜை அலமாரியிலதான் இருக்கு, கண்ணுக்கு முன்னாலதான் இருக்கு. அந்த அம்மா கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "தப்பா நினைக்காதிய அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை, விளக்கும் வச்சாச்சு. இனி வீட்டுல இருந்து ஒரு பொருளை வெளிய கொடுத்தா லட்சுமியைக் கொடுத்து அனுப்புன மாதிரி ஆயிரும். நாளைக்கு வந்து வாங்கிக்கிடுங்க"ன்னு சொல்லுதாங்க.

வேற யாரா இருந்தாலும் என்ன சொல்லுவாங்க? "நான்தான் காரையே வாங்கிட்டேனே, சாவி என்னோடதுல்லா"ன்னு சொல்லுவாங்க. எங்க அப்பா என்ன செஞ்சார் தெரியுமா? "அது சரிதான். எங்க வீட்டுலயும் கொடுக்க மாட்டோம்"னு சொல்லிட்டு வந்துட்டார். கார்ல வரும்போது அம்மாகிட்ட, "நல்ல குடும்பம், முறை தெரிஞ்ச ஆளுங்க"ன்னு பெருமை வேற.

மறுநாள் போய் வாங்கியிருந்தாக்கூடக் கதை முடிஞ்சிருக்கும். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாதாம். "அப்பா, அது சாவிப்பா"ன்னேன். "சாவி என்ன தங்கமா? இரும்புதானே?"ன்னார். அவர் சனிக்கிழமைன்னா மில்லுக்கு ஒரு திருகாணிகூட வாங்க மாட்டார். ஒரு தடவை மிஷின் நின்னுபோய், கோதுமையைக் கொண்டு வந்து கொடுத்தவங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் மாவுக்குக் காத்துக் கிடந்தாங்க. நீங்க நாளைக்குத்தான் காரை வாங்க முடியும்னு சொன்னேன்லா, அதுக்கும் இதுதான் காரணம். உங்களுக்குச் சனி பிடிச்சா விக்கிறவருக்குப் பாவமாம்.

அவங்க வெள்ளிக்கிழமை கொடுக்க மாட்டாங்க, இவர் சனிக்கிழமை வாங்க மாட்டார். இவங்களை எல்லாம் என்ன செய்யுறது? எனக்கு இதுல ஒண்ணுலயும் நம்பிக்கை கிடையாது. சத்தியமாக் கிடையாது.

ஞாயித்துக்கிழமை போனா வீடு பூட்டிக் கிடக்கு. சனிக்கிழமை சாயந்தரமே சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு ஓசூருக்குப் போயிட்டாங்க. போன் போட்டா அந்த அம்மா எடுத்தாங்க. "சாவியா? சனிக்கிழமை நீங்க வந்து வாங்கிட்டுப் போனதா எங்க வீட்டுக்காரர் சொன்னாரே." அவர்கிட்டப் போனைக் கொடுத்தா, "நான் எங்க சொன்னேன்? நீதானே கொடுத்தேன்னு சொன்ன?" போனுக்குள்ளயே ரெண்டு பேருக்கும் சண்டை. அதுக்குப் பெறகு அப்பா காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவைன்னு போன் போட ஆரம்பிச்சார். கொஞ்ச நாள்ல அவங்க எடுக்கிறதை நிறுத்திட்டாங்க.

எனக்கு என்ன தோணுதுன்னா, அந்த அம்மா பெரிய ஆளு. லட்சுமியாவது சரஸ்வதியாவது. காரையும் வித்து, சாவியையும் வச்சுக்கிட்டு, ஒரு நாள் ஆளை அனுப்பிக் காரை ஓட்டிட்டுப் போயிரலாம்னு திட்டம். முறுக்குகூடப் பழைய எண்ணெய்க் காறல் அடிச்சுது அண்ணாச்சி. அந்த மாதிரி முறுக்கை வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கொடுக்கிற மனுசி எதையும் செய்யும்.

இருமுதீங்களே, தண்ணி வேணுமா? இந்தாங்க. பொறுமையாக் குடிங்க. ஏதோ சொல்ல வாரீங்க, முதல்ல நான் முடிச்சுருதேன். இல்லைன்னா எனக்கு விட்டுப்போகும்.

அன்னையில இருந்துதான் இந்த வீட்டுல காவல் ஆரம்பிச்சுது.

முதல்ல மணி. மாட்டுக் கழுத்துல கட்டுற மணியை வாங்கிட்டு வந்து, காரோட நாலு கதவுக்கும் கட்டினார். வாங்குனது புதன்கிழமை. காத்தடிச்சா மணியும் அடிக்கும். மணி அடிச்சதும் அப்பா ஓடுவார். பெறகு மணி அடிக்கலைன்னா, எவனோ மணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான்னு ஓட ஆரம்பிச்சார்.

அடுத்தது சங்கிலி. அந்தா, துணி துவைக்கிற கல்லு கிடக்குல்லா, அதோட காரைக் கட்டினார். காரோட முன்னால ஒரு கொக்கி இருக்கும், அதுல சங்கிலியை மாட்டி, கல்லைச் சுத்திப் பூட்டிருவார். சித்திரை ஒண்ணாம் தேதி கோயிலுக்குப் போவோம்னு எல்லாரும் குளிச்சு, புதுத்துணி போட்டு ஏறி உக்காந்தோம். அப்பா சங்கிலியை மறந்துட்டார். பின்னால எடுத்தார். காருதான் வந்துது, முன்னால இருக்கிற பம்பர் கல்லோடயே நின்னுட்டுது. அங்க பாருங்க, இப்பவும் கம்பி வச்சுத்தான் கட்டியிருக்கு. இந்தக் காருக்கு வந்த சேதம் அத்தனையும் எங்க அப்பா செஞ்சதுதான். திருடன் ஒரு கீறல்கூடப் போடலை. பாவம், திருடன்னு ஒருத்தன் வந்தாத்தானே.

பெறகுதான் பேட்டரி. "பேட்டரி இல்லாம எந்தச் சாவி போட்டும் என்ன செய்வான்?"னு ஒரு நாள் மில்லுல யாரோ சொல்லிட்டாங்க. அதுல இருந்து காரை நிறுத்தினதும் பேட்டரியைக் கழட்டி சைக்கிள்ல கட்டி மில்லுக்குக் கொண்டு போயிருவார். கார்ல எங்கயாவது போகணும்னா முதல்ல சைக்கிள்ல மில்லுக்குப் போகணும். அவர் திரும்பி வாரதுக்குள்ள நாங்க பஸ்ஸுல போயிட்டு வந்துருவோம்.

சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. கையில இருக்கிற ஒரே சாவியை எங்க வைக்கிறது? அது பெரிய பிரச்சினை. பீரோவுல வச்சா திருடன் முதல்ல பீரோவைத்தான் உடைப்பான். சாமி படத்துக்குப் பின்னால வச்சா, அங்கயும் பாப்பான். தினம் ஒரு இடம் மாத்துவார். எங்க வச்சிருக்கார்னு எங்க ரெண்டு பேருக்கும் சொல்ல மாட்டார். பொம்பளைங்க பேச்சுவாக்குல சொல்லிருவாங்களாம். ஒரு நாள் அரிசி டிரம்முக்குள்ள புதைச்சு வச்சிருக்கார். அம்மா பாக்காம அளந்து களைஞ்சு உலையில போட்டுட்டா. நான் சாப்பிட உக்காந்தா சோத்துக்குள்ள கறுப்பா ஏதோ கிடக்கு. சாவி நல்லா வெந்திருந்துது.

அதுல இருந்து அந்தச் சாவியோட பட்டன் வேலை செய்யாது. காரை ஸ்டார்ட் பண்ணலாம், அதுல குறை இல்லை. இப்ப அது அப்பாவோட இடுப்புல, அரணாக்கயித்துல கிடக்கு. குளிக்கும்போதும் அங்கதான்.

கேக்கணும்னுதானே நினைக்கீங்க, பேசாம வேற பூட்டு மாத்தியிருக்கலாமேன்னு? நானும் கேட்டேன். மெக்கானிக் ஜெபராஜ் அண்ணன் வீட்டுக்கே வந்து சொன்னாங்க. "அண்ணாச்சி, இது சின்ன வேலை. காருக்குள்ள ஒரு பெட்டி இருக்கு. புதுச் சாவி ஒண்ணு வெட்டி, அதை இந்தப் பெட்டிக்கு அறிமுகம் பண்ணிட்டு, பழைய சாவியை மறக்கடிச்சிரலாம். அவன் அந்தச் சாவியைக் கொண்டு வந்து போட்டாலும் கார் அசையாது."

அப்பா காரை ஒரு சுத்து சுத்தி வந்தார். பெறகு கேட்டார், "மறக்கடிக்கத் தெரிஞ்சவனுக்குத் திரும்ப ஞாபகப்படுத்தத் தெரியாதா?"

ஜெபராஜ் அண்ணன் என்னைப் பாத்தாங்க. நான் வானத்தைப் பாத்தேன்.

"புதுச் சாவி வெட்டுறவன் தனக்கு ஒண்ணு வெட்டி வச்சுக்கிட மாட்டான்னு என்ன நிச்சயம்? இப்ப ஒரு திருடனுக்குப் பயந்து இருக்கேன். நாளைக்கு ரெண்டு திருடனுக்குப் பயப்படணும். நீ போயிட்டு வா தம்பி"ன்னுட்டார். ஜெபராஜ் அண்ணன் போன பெறகு, அவங்க எதுக்கு இந்தக் கார்மேல இவ்வளவு அக்கறை காட்டுதாங்கன்னு ஒரு வாரம் யோசிச்சுக்கிட்டு இருந்தார்.

இவர்கிட்ட என்ன பேச? நானும் ஒரு வேலையும் பாக்க முடியலை. சிவகிரி ரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில வரச் சொன்னாங்க. "நீ போயிட்டா பகல்ல யாரு காரைப் பாக்க?"ன்னு அப்பா கேட்டார். படிப்பும் இல்லாம, வேலையும் இல்லாம, இங்க காருக்குக் காவல் இருக்கேன். ஆனா ஒண்ணு, காவல்னா காவலா இருப்பேன். அரைகுறையாச் செய்யுறது எனக்குப் பிடிக்காது. நீங்க சந்துக்குள்ள திரும்பும்போதே நான் மாடியில இருந்து பாத்துட்டேன். மூணு வீடு தள்ளி நின்னு நம்பரைப் பாத்தீங்க. பையைத் தொட்டுப் பாத்தீங்க. கார் பாக்க வந்தவர் பையைத் தொட்டுப் பாக்கத்தான செய்வார்.

மணி என்ன? பஸ்ஸுக்கு நேரமாகுதா? ராஜபாளையம் பஸ் பத்து நிமிசத்துக்கு ஒண்ணு இருக்கு. அம்மா ஏன் போனான்னு மட்டும் சொல்லிருதேன், முடிஞ்சுது.

வைகாசியில எங்க மாமா மகளுக்குச் சடங்கு வச்சாங்க. அம்மா அத்தைக்காரி. சீர்த்தட்டு எல்லாம் எங்க வீட்டுல இருந்துதான் போகணும். அம்மா ஒரு மாசமா அதே வேலையா இருந்தா. பட்டு எடுத்தா, வளையல் எடுத்தா, பழத்தட்டு, இனிப்புத்தட்டு, அடுக்கி அடுக்கிப் பாத்தா. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான், மாமா வீட்டு மண்டபத்து வாசல்ல நம்ம கார்ல போய் இறங்கணும். சீர்த்தட்டோட இறங்கணும். அப்பாவும் சரின்னுட்டார். பேட்டரி மாட்டி, சங்கிலியைக் கழட்டி, எல்லாம் ஞாபகமாச் செஞ்சு, தென்காசிக்குப் போயிட்டோம்.

வாசல்ல இறங்கினோம். அம்மா சேலையை நீவக்கூட இல்லை அண்ணாச்சி. அப்படியே நிமிர்ந்து நின்னா. நாயனம் வாசிச்சாங்க. மாமா வந்து கதவைத் திறந்து, "வாங்க மாப்பிளை"ன்னு அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா இறங்கலை. "நீங்க போங்க, நான் வண்டியைப் பாத்துக்கிடுதேன்"னார். ஆலங்குளம் பக்கத்து ஊராம், தங்கப்பழம் ஆளுங்க இங்க வந்திருப்பாங்களாம்.

பொண்ணுக்கு அத்தையும் மாமாவும், அதாவது எங்க அம்மாவும் அப்பாவும், சேந்து நின்னுதான் சீர் கொடுக்கணும். ஆள் மேல ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. எங்க மாமாவே ரெண்டு தடவை வந்தார். சொந்தக்காரங்க எல்லாம் கண்ணாடி வழியா எட்டிப் பாக்காங்க. அப்பா ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கடைசியில அம்மா தனியாத்தான் தட்டை எடுத்தா. பந்திக்கும் அப்பா வரலை. மாமா வீட்டு ஆள் ஒருத்தன் இலையை மடிச்சுப் பார்சல் கட்டிக் கார்லயே கொண்டு வந்து கொடுத்தான். அப்பா அதை வாங்கிச் சாப்பிட்டார். பாயசம் நல்லா இருந்துதுன்னு வேற சொன்னார்.

சாயந்தரம் கிளம்பும்போது அம்மா கார்ல ஏறலை. "ஏங்க, எனக்கும் உங்க சாவிக்கும் நடுவுல இனிப் பேச்சு வேண்டாம். கார் போகட்டும், பெறகு போன் போடுங்க"ன்னா. சத்தம் போடலை. அழவும் இல்லை. நான் அப்பாகூட வந்துட்டேன். பின்னால யாராவது வாராங்களான்னு பாக்க அப்பாவுக்கு ஒரு ஆள் வேணும்லா.

அவ்வளவுதான். இப்பச் சொல்லுங்க, வாங்குதீங்களா? சாவியைப் பத்தி நீங்க பயப்பட வேண்டாம். ஜெபராஜ் அண்ணன்கிட்டக் கொண்டு போனா ஒரே மணி நேரத்துல...

இருங்க, அப்பா போன். சொல்லுங்கப்பா. அவர் வந்துட்டார். பேசிக்கிட்டு இருக்கோம். இல்லை, நான் ஒண்ணும் அதிகமாப் பேசலை. என்னது? அவர் ராஜபாளையத்துலயே இருக்காரா? வரலைன்னு இப்பத்தான் போன் போட்டாரா? ஆடி கழிச்சுப் பாத்துக்கிடலாம்னாரா? அப்பா, அப்ப இங்க ஒருத்தர் உக்காந்து ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிருக்காரே. சீக்கிரம் வாங்க. பேட்டரி கிடக்கட்டும், நீங்க வாங்க.

அண்ணாச்சி. நீங்க யாரு?

எந்திரிக்காதீங்க. உக்காந்தே சொல்லுங்க. இந்த விளக்குமாத்தைச் சும்மாதான் கையில வச்சிருக்கேன்.

ஆலங்குளமா? தங்கப்பழத்தோட தம்பியா? வீட்டை வாடகைக்கு விடணும்னு வெள்ளையடிக்க வந்தீங்களா. சரி. அவங்க விட்டுட்டுப் போன பூஜை அலமாரியை நகத்தும்போது, லட்சுமி படத்துக்கு அடியில, எண்ணெய்ப் பிசுக்குல ஒட்டிக்கிட்டு இருந்துதா. காட்டுங்க. பையில இருந்து மெதுவா எடுங்க.

அட.

குங்குமம் வச்சிருக்காங்க. அன்னைக்கு வச்சது அப்படியே காஞ்சுபோய் இருக்கு. விளக்கு முன்னால பத்திரமா இருக்கட்டும்னு வச்சாங்களா? உங்க மதினி கொடுத்துட்டதா உங்க அண்ணனும், அண்ணன் கொடுத்துட்டதா மதினியும் நினைச்சுட்டாங்களா? வேற திட்டம் ஒண்ணும் இல்லையா? நாலு மாசமா இது அந்த அலமாரியிலயேவா இருந்துது?

இதைத்தான் வந்ததுல இருந்து பைக்குள்ள தடவிக்கிட்டு இருந்தீங்களா? உள்ள வந்ததும் வாயைத் திறந்து சொல்லக் கூடாதா அண்ணாச்சி? நான் பேச விடலையா? நானா?

உங்க மதினியைப் பத்தி ஏதாவது சொல்லிட்டேனா? முறுக்கு காறல்தான், அதை மாத்திச் சொல்ல முடியாது. மத்ததுக்கெல்லாம் மன்னிச்சுக்கிடச் சொல்லுங்க.

சாவி வந்துட்டுன்னா அப்பாவுக்குப் பயம் போயிரும். பயம் போயிட்டா மணி வேண்டாம், கல்லு வேண்டாம், இன்னைக்கே சங்கிலியை அவுத்துரலாம். அப்பாவே ஓட்டிக்கிட்டுப் போய் மாமா வீட்டு வாசல்ல இறங்கட்டும். காரை அங்கயே விட்டுட்டு உள்ள போகட்டும். அதை மட்டும் பாத்தாப் போதும், அம்மா ஏறிருவா. எனக்குத் தெரியும், ஏறிருவா. கொடுங்க, இப்படி என் கையில...

இருங்க. இருங்க அண்ணாச்சி. கையை நீட்டாதீங்க.

இன்னைக்குச் சனிக்கிழமை.

எனக்கு நம்பிக்கை இருக்கான்னு கேக்காதீங்க. கிடையாது. அப்பவே சொன்னேன்லா, ஒரு பொட்டு கிடையாது. ஆனா இது அம்மா திரும்பி வார விஷயம். அவ வந்து படியில கால் வைக்கும்போது, இந்தச் சாவியைச் சனிக்கிழமை வாங்குனதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். யாராவது கேட்டா நான் பொய்யும் சொல்ல மாட்டேன். பெறகு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?

மேஜை மேல வச்சுட்டுப் போறீங்களா? அதெப்படி? எங்க வீட்டு மேஜையில வச்சா நாங்க வாங்குனதுதானே. எடுத்துட்டுப் போயிட்டு நாளைக்குக் கொண்டு வாரீங்களா? அண்ணாச்சி, நாளைக்கு வாங்கிக்கிடுங்கன்னு போன தடவை சொன்னது உங்க மதினிதான்.

அதனால சாவி உங்க பையிலயே இருக்கட்டும், நீங்க இங்க இருங்க. விடிஞ்சதும் ஞாயித்துக்கிழமை. அப்பா பல் தேச்சுட்டு வந்து வெத்தலை பாக்குத் தட்டுல வாங்கிக்கிடுவார். அதுல ராகுகாலம் சாயந்தரம்தான் வருது, நல்லதாப் போச்சு. கார் பின்சீட்டுல நீங்க தாராளமாப் படுக்கலாம், அப்பா தலைகாணி அதுலயேதான் கிடக்கு. ராத்திரிக்கு உப்புமா கிண்டித் தாரேன்.

பஸ்ஸா? நாளைக்கும் பஸ் ஓடும்.

கேட்டைப் போட்டு ஆட்டாதீங்க அண்ணாச்சி, அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க. ராஜபாளையத்துக்காரர் வருவார்னு அப்பா சும்மா சாத்திட்டுத்தான் போனார், நான்தான் பூட்டினேன். அது அமுக்குனாப் பூட்டிக்கிடும், திறக்கத்தான் சாவி வேணும். அந்தச் சாவியும் அப்பா அரணாக்கயித்துலதான் இருக்கு. அவர் வந்தாலும் சனிக்கிழமைதான், நான் சொன்னதையேதான் அவரும் சொல்லுவார்.

இந்தப் பூட்டுக்கு ஸ்பேர் சாவியா? ஏன் இல்லாம, வாங்கும்போதே ரெண்டு கொடுத்தாங்க. ஒண்ணை அப்பா ரொம்பப் பத்திரமா ஒரு இடத்துல வச்சிருக்கார். எந்த இடம்னுதான் அவரும் தேடிக்கிட்டு இருக்கார்.